நாலு நாளைக்கு ஒரு ராத்திரி: பெண் எலியின் மூளையில் என்ன நடக்கிறது?

[திரையில்: இருட்டறை, மங்கலான சிவப்பு விளக்கு, கூண்டுக்குள் சுழலும் சக்கரம்]

வணக்கம். சக்கரத்தில் ஓடுகிறதே இந்தப் பெண் எலி, அதை ஒரு வாரம் விடாமல் கவனித்தால் தினமும் ராத்திரி ஓடுவது தெரியும், ஆனால் நாலைந்து நாளைக்கு ஒரு முறை, ஒரே ஒரு ராத்திரி, மற்ற நாட்களைவிட ரொம்பவே அதிகமாக ஓடித் தீர்க்கும். 1923-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாங் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்தார். சினைப்பைகளை எடுத்துவிட்டால் இந்த ஏற்றம் காணாமல் போய்விடும்.

அந்த ராத்திரிதான் எலி சினைப்பருவத்தில், அதாவது இனச்சேர்க்கைக்குத் தயாராக, இருக்கும். ஆண் எலியை உள்ளே விட்டால், மற்ற நாட்களில் உதைத்துத் துரத்துகிற அதே எலி இன்று துள்ளும், சட்டென்று ஓடிச் சட்டென்று நிற்கும், காது இரண்டும் படபடவென்று துடிக்கும். ஆண் ஏறி விலாவைப் பிடித்ததும் முதுகு குழிந்து, தலையும் பின்பக்கமும் மேலே தூக்கி, வால் ஒரு பக்கம் ஒதுங்கும். இதற்கு லார்டோசிஸ் என்று பெயர். ஒரு விநாடி அளவுதான், முடிந்துவிடும்.

[திரையில்: எலி மூளையின் குறுக்குவெட்டுப் படம்]

சரி, சினைப்பை சுரக்கும் ஹார்மோன் இதை எப்படிச் செய்கிறது? ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பாஃப் 1960-களில் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ராடியால் என்ற சினைப்பை ஹார்மோனை எலிக்குச் செலுத்தி, அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்த்தார். எல்லா இடத்திலும் இல்லை, மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஹைப்போதாலமஸ் போன்ற குறிப்பிட்ட சில இடங்களில்தான். அதில் ஒன்று, ஹைப்போதாலமஸுக்குள் இருக்கிற வென்ட்ரோமீடியல் நியூக்ளியஸ் என்ற நரம்புச் செல் கூட்டம். சினைப்பை எடுத்த எலியின் அந்த ஒரு புள்ளியில் மட்டும் துளி ஈஸ்ட்ராடியாலை வைத்து, சினைப்பையின் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும் கொடுத்தால் லார்டோசிஸ் திரும்பி வருகிறது. அதே ஈஸ்ட்ராடியாலைச் சற்று முன்னால் இருக்கிற ப்ரீஆப்டிக் பகுதியில் வைத்தால் ஓட்டம்தான் கூடுகிறது! ஹார்மோன் ஒன்றேதான், எந்த இடத்தில் போய்ச் சேர்கிறதோ அதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இன்னொன்று, இது உடனே நடக்காது. ஈஸ்ட்ராடியால் செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கி, புதுப் புரதங்கள் உருவாகி, அதில் முக்கியமாக புரோஜெஸ்டிரோனுக்கான ஏற்பிகள் (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்) பெருக வேண்டும், அதற்கு ஒரு நாளாவது ஆகும். புரதம் உருவாவதை மருந்து போட்டுத் தடுத்தால் லார்டோசிஸும் வராது. இந்தத் தயாரிப்பு முடிந்த பிறகு வருகிற புரோஜெஸ்டிரோன் சில மணி நேரத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. சினைப்பையும் இதே வரிசையில்தான் சுரக்கிறது, முதலில் ஈஸ்ட்ராடியால், அப்புறம் புரோஜெஸ்டிரோன்.

இத்தனைக்குப் பிறகும் எலி தானாக முதுகை வளைப்பதில்லை. விலாவில் தொடுதல் வேண்டும், ஆய்வாளரின் விரல் பட்டால்கூடப் போதும். தோலிலிருந்து அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக மேலே போகிறது, ஹைப்போதாலமஸ் நடுமூளை வழியாகவும் முகுளம் வழியாகவும் கீழே அனுமதி அனுப்பி வைத்திருந்தால்தான் முதுகுத் தசைகள் இழுக்கும். அனுமதி இல்லாத நாளில் அதே தொடுதலுக்கு உதைதான் கிடைக்கும்.

2019-இல் ஸ்டான்ஃபோர்டில் சுண்டெலிகளில் பார்த்தது இன்னும் ஆச்சரியம். வென்ட்ரோமீடியல் பகுதியிலிருந்து ஹைப்போதாலமஸின் இன்னொரு மூலைக்குப் போகும் நரம்பு முனைகள் சினைப்பருவத்தில் ஏறத்தாழ மூன்று மடங்காகின்றன, பருவம் போனதும் குறைந்துவிடுகின்றன. வயதுவந்த மூளையில், சில நாட்களுக்கு ஒருமுறை, வயரிங்கே மாறுகிறது!

[திரையில்: வரிசையாக அடுக்கிய கூண்டுகள்]

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தச் சுழற்சியைக் காரணம் காட்டித்தான், பெண் எலிகளின் முடிவுகள் தாறுமாறாக வரும் என்று நரம்பியல் ஆய்வுகளில் பல காலம் ஆண் எலிகளையே வைத்துக்கொண்டார்கள். மருந்து யாருக்கு எப்படி வேலை செய்யும் என்று தெரியாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு, அது பெரிய தவறு. 2014-இல் 293 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து அலசியபோது, சுழற்சியைக் கணக்கில் எடுக்காமலே சோதித்த பெண் சுண்டெலிகள் ஆண்களைவிட அதிகமாக மாறுபடவில்லை என்று தெரிந்தது. இரு பாலிலும் முடிவுகளைக் கூடுதலாகச் சிதறடித்தது வேறொன்று: ஒரே கூண்டில் பல எலிகளைச் சேர்த்து வைத்தது.