சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் நுரையீரல் மருத்துவன். இருமல், சளி, மூச்சிரைப்பு, இவைதான் என் அன்றாடப் பாடு. இன்றைக்குப் பேச வந்திருப்பதோ அக்கியைப் பற்றி. தோலில் வருகிற கொப்புளத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாள்பட்ட மூச்சடைப்பு நோய், அதாவது சிஓபிடி, உள்ள ஒரு பெரியவர் வந்தார். "இடப்பக்க விலாவில் எரிச்சல் டாக்டர், இருமி இருமிப் பிடித்துக்கொண்டது போல" என்றார். அவசரத்தில் ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே வைத்துப் பார்த்தேன். எக்ஸ்ரே, ஈசிஜி இரண்டிலும் கோளாறில்லை. வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது, "சட்டை பட்டாலே எரியுது" என்றார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். சட்டையைத் தூக்கினால், முதுகெலும்பு ஓரத்தில் தொடங்கி விலாவைச் சுற்றி, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். மார்பின் நடுவில் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தன. உங்கள் நெஞ்சுக்குழியில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். அக்கி பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டாது, ஏனென்றால் அது ஒரு பக்கத்து நரம்பின் வழியே வருவது.

கொப்புளத்தை விட அவரை வாட்டியது இருமல். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினார், மேலோட்டமாகவே மூச்சு விட்டார். சளி உள்ளேயே தங்கிவிட்டது. மற்றவர்களுக்கு அக்கி என்றால் வலி. இவருக்கு மூச்சுக்கே நெருக்கடி.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாமல் குறித்து வைத்தார். யாருக்கு, எந்த வயதில், உடம்பில் எந்த இடத்தில் என்று. அதை வைத்து 1965இல் அவர் சொன்னது: அக்கி வெளியிலிருந்து புதிதாகத் தொற்றுவதில்லை. முன்பு சின்னம்மை தந்த அதே வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கிறது, உடம்பின் காவல் தளர்ந்ததும் எழுந்து வருகிறது. அவர் சொன்னதே சரி என்று பிற்பாடு உறுதியானது. பொறுமையாக எழுதி வைத்த குறிப்புகள் எவ்வளவு தூரம் போகின்றன பாருங்கள்! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வயது ஏற ஏற அந்தக் காவல் எல்லாருக்குமே தளரும். நாள்பட்ட நுரையீரல் நோய் அதை இன்னும் தளர்த்துகிறது. மூச்சிரைப்பு முற்றும்போது நாங்கள் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் அதன் பங்குக்குத் தளர்த்தும். தைவானில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், சிஓபிடி உள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அதைவிடக் கூடுதல். இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்ஹேலரை நிறுத்தி மூச்சிரைப்பு முற்றினால், அந்த மாத்திரைதான் மறுபடியும் தேவைப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நெஞ்சில், முதுகில், ஒரு பக்கமாக மட்டும் புதிதாக எரிச்சலோ குத்தலோ வந்தால், "இருமலால்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சுவலி என்பதால் டாக்டரிடம் உடனே காட்டுங்கள், இதயத்தையும் பார்க்கட்டும். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். முதுகு உங்களுக்குத் தெரியாது, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வலி முதலில் வரும், கொப்புளம் சில நாள் கழித்துத்தான் வரும், அதனால் மறுநாளும் பாருங்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். தோல் ஆறின பிறகும் மாதக்கணக்கில் நரம்புவலி நிற்பவர்கள் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தடுப்பூசியைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஹோப்-சிம்ப்சன் நேரத்தைத் தின்றுவிட்டார். சுருக்கமாக: ஷிங்ரிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உயிருள்ள வைரஸ் இல்லாதது. 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு ஊசி, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில். முன்பே அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், கொப்புளம் ஆறின பிறகு. அடுத்த முறை இன்ஹேலர் சீட்டு வாங்கப் போகும்போது டாக்டரிடம் இதையும் கேளுங்கள். முதல் ஊசிக்கு வருகிறவர்களில் பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள், தேதியை எங்காவது எழுதி... சரி, முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.