கழுவி வராத கால்கள்

நேயர்கள் அனைவருக்கும் அன்பின் வணக்கம்.

எங்கள் சபையில் பெரிய வியாழன் மாலை பன்னிரண்டு பேரை முன்வரிசையில் உட்காரவைத்து ஆயர் கால் கழுவுவார். ஒரு வருடம் அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். மத்தியானமே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, துவைத்த வேட்டியோடு போய் உட்கார்ந்தேன். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். எனக்கு அடுத்து இருந்தவர், வயலில் களை எடுத்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. வெடிப்புக்குள்ளே சேறு கறுப்பாகக் காய்ந்திருந்தது. ஆயர் நெருங்கி வர வர, காலைப் பின்னுக்கு இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். "வேண்டாங்கய்யா, அழுக்கு" என்றார்.

என் கால் இரண்டு குவளைத் தண்ணீரில் முடிந்துவிட்டது. அந்த அம்மாவின் முன்னால் மண்டியிட்ட ஆயர் எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. பேசினில் தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்தவன் நான். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது.

அந்தக் கடைசி இராப்போஜனத்தில் சீஷர்களின் கால்கள் புழுதிக் கால்கள். பந்திக்கு வருகிறவர்களின் காலைக் கழுவுவது வீட்டு வேலைக்காரன் செய்கிற வேலை. அங்கே வேலைக்காரன் யாரும் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருவரும் தண்ணீரை எடுக்கவில்லை. அதே பந்தியில், தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் நடந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆண்டவர் எழுந்து, மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் அதற்கு அப்புறம்தான் எழுந்து வெளியே போனான். அவனுடைய காலும் அன்று கழுவப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீஷர்களில் செபதேயுவின் குமாரர் இருவரும் இயேசுவின் வலதுபுறமும் இடதுபுறமும் இடம் கேட்டபோது, பெரியவனாக ஆசைப்படாதே என்று அவர் சொல்லவில்லை. "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" என்றார். ஆசையை வெட்டிப் போடாமல், அது போக வேண்டிய திசையை மாற்றிவிட்டார். மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கீழே, மனிதரின் பாதத்தைப் பார்க்கச் சொன்னார்.

அப்படிப் பாதத்தைப் பார்த்து வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று பேச நினைத்தேன். லண்டனில் 1879-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் எவலின். ஓவியம் கற்றவர். மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை மணந்து, அவரோடு கொல்லிமலை ஏறினார். அன்றைக்கு அங்கே சாலை கிடையாது. மலேரியா உண்டு. வாழவந்தியில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

மலைச் சனங்களை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. இளைய நேயர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி இருக்கும். அதன் வயிற்றில் இந்தப் புழுவின் குஞ்சு. குடித்தவருக்கு ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் காலில் ஒரு கொப்புளம். நெருப்பாய் எரியும். உடைந்தால் அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரிப் புழு தலை நீட்டும். இரண்டு மூன்று அடி நீளம் இருக்கும். சட்டென்று இழுத்தால் உள்ளேயே அறுந்து, சீழ் பிடித்து, காலே போய்விடலாம். ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று நாள்கணக்கில்தான் எடுக்க வேண்டும். எடுக்கிறவர் நோயாளியின் காலடியில் குனிந்து உட்கார வேண்டும், அவசரப்படாத விரல்களோடு.

எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நிமிடம் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். ஊரே அதைக் குடிக்கும். பிராண்ட் தம்பதியர் புழுவை எடுத்துவிட்டதோடு நிற்கவில்லை. யாரும் கால் வைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டவும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 1996-க்குப் பிறகு இந்தியாவில் இந்த நோய் ஒருவருக்கும் வரவில்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் அதைச் சான்றளித்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு மலையில் சுவர் எழும்பத் தொடங்கியிருந்தது.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். எவலின் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்து, மிஷன் அனுப்பிய இடங்களில் வேலை செய்தார். எழுபதை நெருங்கும்போது, வயதாகிவிட்டது, போதும் என்றது மிஷன். இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்த வருடம் முடிந்ததும் மிஷன் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மறுபடி மலை ஏறிவிட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். பக்கத்து மலைகளுக்கும் போனார்.

75 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இராத்திரி முழுக்கத் தரையிலேயே கிடந்தார். காலையில் பார்த்தவர்கள் கயிற்றுக் கட்டிலில் தூக்கி மலை இறக்கி, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று ஆண்டவர் சொன்ன வார்த்தையைக் குறிக்கோளாக வைத்திருக்கிற இடம் அது. இனி மலை வேண்டாம் அம்மா என்று மகன் மன்றாடினார். நான் போய்விட்டால் அவர்களுக்குப் புண் கட்ட யார், பல் பிடுங்க யார், என் இடத்துக்கு ஓர் ஆள் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் தாய். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு திரும்பவும் மலைக்கே போனார்.

கடைசி இருபது வருடங்கள் அவர் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. மகன் எழுதிய செய்தி இது. முகம் முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்த அந்தத் தாயை, தான் கண்டதிலேயே மிக அழகானவர்களில் ஒருவர் என்று அவர் நினைத்தார். மலைச் சனங்கள் அந்த முகத்தை எப்படிப் பார்த்தார்களோ, அப்படித்தான் மகனும் பார்த்திருக்கிறார்.

1974 டிசம்பரில், தம் 95-ஆவது வயதில் எவலின் காலமானார். உடலை மலைக்கே கொண்டுபோய், 45 வருடங்களுக்கு முன் ஜெஸ்ஸியை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஊரின் பெயர் வாழவந்தி.

நன்றி. வணக்கம்.