கையில் இருந்த போனும் கையில் இருந்த கத்தியும்

[காட்சி: நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டின் முன்னறை. தொலைக்காட்சி வெளிச்சம் சுவரில் ஆடுகிறது.]

வடசேரியில் என் அத்தை வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி ஒரு வழக்கறிஞர். எதிராளியின் பொய்யை நீதிமன்றத்தில் நொடியில் பிடித்துவிடுவாள் என்று மாதக்கணக்கில் நமக்குக் காட்டியிருந்தார்கள். அன்று அவளுடைய தம்பி மேல் திருட்டுப் பழி விழுகிறது. உண்மையான திருடன் யாரென்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயே திறக்கவில்லை. அழுதுகொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கையில் போன் இருக்கிறது. ஒருமுறை விளித்துச் சொன்னால் தீர்ந்ததே!" என்றார்.

அத்தை பள்ளியிறுதி வகுப்பு வரை படித்தவர். கதை எழுதும் கலை பற்றி ஒரு புத்தகமும் வாசித்ததில்லை. இருந்தும் அந்தக் காட்சியின் ஓட்டையில் நேராக விரலை வைத்துவிட்டார். அவள் அன்றே சொல்லிவிட்டால் அடுத்த நாற்பது நாளுக்குக் கதை இருக்காது. அதற்காகத்தான் அவள் வாயைக் கட்டினார்கள். கட்டியது கணவனோ மாமியாரோ பயமோ என்றால் அத்தை பதறியிருப்பார். கட்டியவர் எழுதியவர்தான் என்று தெரிந்ததால் கோபப்பட்டார்.

ரசிகர்களின் குறைகளைக் கேட்பது எனக்கு நெடுநாள் பழக்கம். நாகர்கோவில் பஸ்ஸிலும், தக்கலையில் தேநீர் குடிக்கும்போதும், நண்பர்களோடு பேசும்போதும் கேட்டிருக்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் திருந்திவிடும் வில்லன், இடைவேளைக்குப் பிறகு காணாமல் போகும் கதாநாயகி, நாயகனுக்குக் கோபம் வருவதற்காகவே சாகும் நண்பன். இப்படிப் பல இருந்தாலும், பெரும்பாலானவற்றுக்கு அடியில் அத்தையின் கேள்விதான் கிடக்கிறது. இந்த மனிதரின் கையைக் கட்டியது எது?

[காட்சி: ஆரல்வாய்மொழிக் கணவாய். காற்றாலைகள். சாலையோரத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கோவில்.]

இதற்கு விடை தேடி நான் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. இங்கே குமரி மாவட்டத்தில், இசக்கி என்னும் நாட்டார் தெய்வத்தின் கோவில் கொடைகளில், அதாவது திருவிழாக்களில், நீலி கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். கதை நடக்கும் பழையனூர் நமக்கு வெகு தொலைவில், திருவாலங்காட்டை அடுத்து இருக்கிறது. நீலியோ நம் ஊர்களில் இசக்கியாகக் குடியேறிவிட்டாள். பாட்டு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பரவலாகப் பாடப்படும் வடிவத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு தாசியை அவளிடம் பழகிய வேதியன் நகைக்காகக் காட்டில் கொல்கிறான். சாகும் நேரத்தில் சாட்சிக்கு ஆள் இல்லை. அருகில் ஒரு கள்ளிச் செடி நிற்கிறது. "கள்ளியே, நீதான் சாட்சி" என்று சொல்லிவிட்டு அவள் இறக்கிறாள். தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். மறுபிறவியில் இருவரும் நீலன், நீலி என்னும் பேய்ப்பிறவிகள். கொன்றவன் இப்போது ஒரு செட்டி. பேயால் ஆபத்து உண்டு என்று முன்பே தெரிந்து, அவன் கையில் ஒரு மந்திரித்த கத்தி இருக்கிறது. அது இருக்கும்வரை நீலி அவனை நெருங்க முடியாது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அத்தையின் தொடரில் கையில் போன். இங்கே கையில் கத்தி. இரண்டும் பயன்பட்டால் கதை முடிந்துவிடும்.

நீலி என்ன செய்கிறாள்? அந்தக் கள்ளியிலிருந்து ஒரு கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார்" என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். "இவள் பேய்" என்று செட்டி உண்மையை உரக்கச் சொல்கிறான். ஒன்றையும் மறைக்கவில்லை. குழந்தையை இறக்கிவிடுகிறார்கள், அது நேரே அவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. சபை வேறு என்னதான் முடிவு செய்யும்? "கத்தியைக் கொடுத்துவிட்டு இவளோடு இரவு தங்கு. உன் உயிருக்கு எங்கள் எழுபது பேர் உயிர் பிணை" என்கிறார்கள் வேளாளர்கள். அவன் கொடுத்துவிடுகிறான்.

இந்த நான்கு வரிக்குள் எத்தனை கட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள்! அவன் உண்மை சொல்லியும் நம்ப ஆள் இல்லை. நம்பாதவர்கள் கெட்டவர்களும் அல்ல. கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு இரங்கியவர்கள். அவர்கள் தந்த வாக்கும் பொய்யில்லை. மறுநாள் அவன் இறந்து கிடப்பதைக் கண்டு எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள் என்றுதான் கதை சொல்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் இயல்புப்படி சரியாக நடந்துகொள்கிறார்கள். அதனால்தான் கொலை நடக்கிறது. எழுதியவரின் கை எங்கேயும் தெரியவில்லை.

கள்ளிக் கொப்பை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். எந்தச் செடியை வேண்டுமானாலும் குழந்தையாக்கியிருக்கலாம். மந்திரத்துக்கு என்ன தடை? சாட்சியாக நின்ற அதே கள்ளி சபைக்கு வந்து சாட்சி சொல்கிறது. சொல்வது பொய்ச்சாட்சி, ஆனால் பழைய உண்மைக்காக. இப்படி ஒன்றைக் கட்டிய பெயர் தெரியாத புலவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

குறையே இல்லையா? இருக்கிறது. தக்கலையில் இருக்கும் என் தோழி ஒருத்தி நீலனைப் பற்றிக் கேட்டாள். அண்ணன் இரண்டு பிறவி எடுக்கிறான், இரண்டிலும் தங்கையின் துயரத்தைக் கூட்டிவிட்டுச் செத்துப் போகிறான். அவனுக்கென்று என்ன ஆசை, என்ன பயம்? நான் கேட்ட பாட்டுகளில் அதற்கு விடை கிடைக்கவில்லை. சினிமாவில் வரும் நண்பனைக் குறை சொன்னவர்கள் நீலனையும் குறை சொல்லத்தான் வேண்டும். பழைய கதை, சாமி கதை என்பதால் விலக்கு கேட்க எனக்கு மனமில்லை.

இன்னொரு நண்பர் வைத்த குறை வேறு வகை. செட்டிக்கு முற்பிறவி நினைவே இல்லை, தெரியாதவனைப் பழிவாங்குவது நியாயமா என்றார். அருமையான கேள்வி. ஆனால் அது நீலியோடு போட வேண்டிய சண்டை. பாத்திரம் செய்தது பிடிக்கவில்லை என்பதும், பாத்திரத்தைச் சரியாகப் படைக்கவில்லை என்பதும் ஒன்றாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ரசிகர் சண்டைகள் பாதி விடியும்வரை முடியாமல் இழுக்கின்றன. நம் இசக்கி உருவங்களைப் பாருங்கள். ஒரு குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பாள், இன்னொன்றை வாயில் கடித்திருப்பாள். பிள்ளை வரம் கேட்டு அவளிடமே தொட்டில் கட்டுகிறார்கள். இந்த ஊர் அவளை நல்லவளாகத் திருத்தவும் இல்லை, கெட்டவள் என்று தள்ளவும் இல்லை.

[காட்சி: பனங்காடு. மூடிய ஒரு மரக்கதவு.]

"கதாநாயகி எதுவுமே செய்யவில்லை" என்ற குறைக்கும் இதே அளவுகோலைப் போட்டுப் பார்க்கலாம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964இல் வந்தது. பனையை நம்பி வாழும் நம் மாவட்டத்துக் குடும்பங்களின் கதை. அதில் வரும் லிஸி காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள், அவ்வளவுதானா என்று இளம் வாசகர்கள் சிலர் என்னிடம் சலித்துக்கொண்டார்கள். நான் அவர்களிடம் தொடக்க அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போகச் சொன்னேன். வயதுக்கு வந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் இருத்திவிடுகிறார்கள். ஆசிரியர் முதலில் கதவை மூடிக் காட்டுகிறார். பிறகுதான் காத்திருப்பைச் சொல்கிறார். கையைக் கட்டிய கயிறு எதுவென்று தெரிந்த பிறகு அவள் ஒரு சொல் பேசினாலும் எனக்கு நெஞ்சு அதிர்கிறது.

இனி ஒரு சொந்த வருத்தம். திரையில் குமரி மாவட்டத்துக்காரர் என்று ஒருவர் வந்தால், வாக்கியத்துக்கு ஒரு "மக்கா" போடுகிறார், அரங்கு சிரிக்கிறது, அவர் போய்விடுகிறார். விளவங்கோட்டுப் பேச்சு வேறு, நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, குளச்சல் கடற்கரைப் பேச்சு வேறு. ஒரே ஒரு பிள்ளையைக்கூட "மக்களே" என்று பன்மையில் விளிக்கும் ஊர் இது. அந்தச் சொல் எப்போது வரும், எப்போது வராது என்பதற்குள் ஒரு தாயின் மனநிலையே இருக்கிறது. கோபத்தில் அது தொண்டையிலேயே நின்றுவிடும். அதைக் கேட்டு எழுதியிருந்தால் சிரிப்புக்கு வந்துபோன அந்த ஆளுக்கு ஒரு வீடும் கடனும் பயமும் கிடைத்திருக்கும். வெறும் உச்சரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவருக்குக் கட்டுவதற்குக் கையே இல்லை.

[காட்சி: கொடை இரவு. வில்லின் மணிகள், குடம், உடுக்கை. பந்தலில் பெண்கள்.]

அத்தையோடு ஓர் இசக்கி கோவில் கொடைக்குப் போயிருந்தேன். இந்தக் கதையைச் சிறுவயது முதல் கேட்டவர் அவர். அடுத்த வரி என்னவென்று பாடுகிறவருக்கு முன்னால் சொல்லக்கூடியவர். நள்ளிரவு தாண்டியிருந்தது. குழந்தை செட்டியிடம் ஓடும் இடம் வந்ததும் பாடிக்கொண்டிருந்த புலவர் வில்லை அடிக்கும் வீசுகோலைத் தாழ்த்தினார். குடத்தின் சத்தம் மட்டும் கேட்டது. சபை கத்தியைக் கேட்கிறது. செட்டி எழுபது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கொடுக்கப் போகிறான்" என்றார். பாட்டு முடியும்வரை பிடியை விடவில்லை.