வெள்ளைக் காய் கிடைத்தால் எதை ஆடுவது?

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் போன்ற எல்லையோர ஊர்களிலிருந்து சனி, ஞாயிறுகளில் ஒரு வாரம் கோயம்புத்தூருக்கும் மறுவாரம் பாலக்காட்டுக்குமாகச் செஸ் போட்டிகளுக்குப் போய்வரும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களும் அவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோரும் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி, வெள்ளைக் காய் கிடைத்தால் எந்த ஓப்பனிங்கை, அதாவது எந்தத் தொடக்க ஆட்டத்தை, ஆடுவது என்பதுதான். விதிகளைக் கற்று ஓரிரு ஆண்டுகள் ஆடிவிட்டு, ஆட்டத் திறனைப் புள்ளிகளால் அளக்கும் ரேட்டிங் பட்டியலுக்குள் நுழைய முயல்பவர்களையும், நுழைந்தபின் அங்கேயே தேங்கி நிற்பவர்களையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். 2024 மார்ச் முதல், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியல் 1400 புள்ளியில்தான் தொடங்குகிறது என்பதால், அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னும் பின்னும் நிற்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வானொலியில் பலகையைக் காட்ட முடியாது. ஆகவே மூலையில் நிற்பதை யானை என்றும், ராஜா ராணிக்குப் பக்கத்தில் நிற்பதை மந்திரி என்றும் சொல்லப் போகிறேன். மலையாளப் பள்ளியில் ஆடிப் பழகிய பிள்ளைகள் மூலைக் காயைத் தேர் என்றும் நான் மந்திரி என்பதை ஆனை என்றும் சொல்வார்கள் என்பதால், குழம்பாமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டத்தின் பெயரில் வரும் எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் ஹெச் வரை எண்ணும் நெடுவரிசை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்குவரிசை. காயின் பெயர் இல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் சிப்பாய் நகர்கிறது என்று பொருள். முடிந்தவர்கள் ஒரு பலகையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நகர்த்தலாக வெள்ளை ஆடக்கூடியவை மொத்தம் 20. அவற்றில் பெரும்பாலானவை கெட்ட நகர்த்தல்களும் அல்ல. பெரிய ஆட்டக்காரர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே என்பார்கள் சிலர். 2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடிய குகேஷ், முதல் ஆட்டத்தில் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இ4-க்கு நகர்த்தித் தோற்றார்; மூன்றாம் ஆட்டத்தில் ராணிச் சிப்பாயை டி4-க்கு நகர்த்தி வென்றார்; பதினோராம் ஆட்டத்தில் குதிரையை எஃப்3-க்கு எடுத்து வென்றார். அவர் எதை ஆடுகிறார் என்ற கேள்விக்கு, எல்லாவற்றையும் என்பதுதான் விடை. அது எதிராளியின் தயாரிப்பைக் குலைப்பதற்கான தேர்வு. கற்றுக்கொள்வதற்கான தேர்வு அன்று. நம் பிள்ளையை எதிர்த்து உட்காரும் பன்னிரண்டு வயதுப் பையன் எந்தத் தயாரிப்போடும் வருவதில்லை. அங்கே வெற்றியும் தோல்வியும் பதினைந்தாவது நகர்த்தலுக்குப் பிறகுதான் முடிவாகின்றன. எனவே, எந்தத் தொடக்கம் நமக்கு எப்படிப்பட்ட நடு ஆட்டத்தைத் தருகிறது, அதை ஆடி நாம் என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது பிள்ளைகளிடையே பரவலாக இருப்பது லண்டன் சிஸ்டம். 1922-ஆம் ஆண்டு லண்டன் போட்டியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. டி4, பிறகு மந்திரி எஃப்4, பிறகு இ3, சி3, குதிரைகள் என்று, கறுப்பு எதை ஆடினாலும் ஏறத்தாழ ஒரே வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் கவர்ச்சி. அது மட்டமான ஆட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 2023-இல் அஸ்தானாவில் டிங் லிரென் உலகப் பட்டப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் அதை ஆடித்தான் ரஷ்யாவின் நெப்போம்நியாச்சியை வென்றார். என் குறை வேறு. எதிராளி என்ன செய்கிறான் என்று பார்க்காமலே கை நகரப் பழகிவிடுகிறது. ஓர் உதாரணம் பாருங்கள். வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6. வெள்ளை மந்திரி எஃப்4, கறுப்பு சிப்பாய் சி5. வெள்ளை வழக்கம்போலக் குதிரையை எஃப்3-க்கு எடுக்க, கறுப்புச் சிப்பாய் டி4-இல் வெட்டுகிறது. வெள்ளை யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டினால், கறுப்பு இ5 என்று சிப்பாயைத் தள்ளும். அந்த ஒற்றைச் சிப்பாய் டி4 குதிரையையும் எஃப்4 மந்திரியையும் ஒருசேரத் தாக்குகிறது. மந்திரியால் அதை வெட்டினாலோ, கறுப்பு ராணி ஏ5-க்கு வந்து செக் வைக்கும். அடுத்த நகர்த்தலில் இ5-இல் நிற்கும் மந்திரி போய்விடும். நான்காவது நகர்த்தலிலேயே ஒரு காய் நட்டம். மூன்றாவதாக இ3 ஆடியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அது ஏன் என்று கேட்டால், ஐந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்த பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

நான் சொல்லித் தருவது இ4. கறுப்பும் இ5 ஆடினால், குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6, பிறகு மந்திரி சி4. இது இத்தாலியன் ஓப்பனிங். பல நூற்றாண்டு பழையது. கறுப்பும் தன் மந்திரியை சி5-க்குக் கொண்டுவந்தால், வெள்ளை சி3 ஆடி, அடுத்து டி4 தள்ளி, கறுப்பு அங்கே வெட்டினால் சி3 சிப்பாயால் திருப்பி வெட்டி, நடுவில் இரண்டு சிப்பாய்களை அருகருகே நிறுத்துகிறது. அந்தச் சிப்பாய்களுக்கு முன்னால் கறுப்பு மந்திரியைச் சும்மா பி6-க்குப் பின்வாங்கினால், டி5, பிறகு இ5 என்று இரண்டும் முன்னேறிக் கறுப்புக் குதிரைகளை விரட்டும். கறுப்பு சரியாக பி4-இல் செக் வைத்து, மந்திரிகள் மாறியபின் தன் டி சிப்பாயை டி5-க்குத் தள்ளி மோதினால், இ சிப்பாய்கள் மறைந்து, வெள்ளைக்கு டி4-இல் ஒரே ஒரு சிப்பாய் மிஞ்சும். அதன் இரு பக்கத்து வரிசைகளிலும் துணைச் சிப்பாய் கிடையாது. தனிச் சிப்பாய் என்பது இதைத்தான்.

இந்தத் தனிச் சிப்பாயை நான் விரும்பிக் கற்பிப்பதற்குக் காரணம் உண்டு. இ4-க்குக் கறுப்பு தரும் மற்றப் பெரிய விடைகளிலும் பெரும்பாலும் இதே அமைப்புக்குப் போக முடியும். சிசிலியன் என்று சி5 ஆடினால், வெள்ளை சி3 ஆடலாம். கறுப்பு டி5 என்று மோத, வெட்டி, ராணி திருப்பி வெட்டியபின் டி4. பிறகு டி4-இல் சிப்பாய்கள் மாறினால் அதே தனிச் சிப்பாய். கறுப்பு டி5-க்குப் பதில் குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் மட்டும் இ5 தள்ள வேண்டும், அப்போது ஆட்டம் வேறு வழியில் போகும். காரோ-கான் என்று சி6 ஆடினால் டி4, டி5, அங்கே சிப்பாய்களை மாற்றிவிட்டு சி4. பிரெஞ்சு என்று இ6 ஆடினாலும் டி5-இல் சிப்பாய்களை மாற்றிவிட்டு சி4 ஆடலாம். ஆக, கறுப்பு தரும் நான்கு பெரிய விடைகளுக்கும் நான்கு தனித்தனி நூல்களைப் படிக்க வேண்டிய பிள்ளை, ஒரே நடு ஆட்டத்தை நான்கு வாசல்கள் வழியாகச் சென்று கற்கிறது. மற்ற விடைகள் இந்த நிலையில் அரிதாகத்தான் வரும். அவற்றுக்கு நடுவைப் பிடித்து, காய்களை வெளியே கொண்டுவந்து, காஸ்லிங் செய்து ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தினால் போதும்.

அந்த நடு ஆட்டத்தில் கற்க நிறைய இருக்கிறது. டி4 சிப்பாய் தாங்குவதால் வெள்ளைக் குதிரை இ5-இல் போய் உட்காரலாம். இ வரிசை திறந்திருப்பதால் ஒரு யானை இ1-க்கு வந்து, வேண்டியபோது இ3 வழியாக ராஜா பக்கம் திரும்பலாம். மந்திரி சி2-இலும் ராணி டி3-இலும் ஒரே மூலைவிட்டத்தில் நின்று ஹெச்7-ஐக் குறிபார்க்கலாம். தருணம் பார்த்து அதே சிப்பாயை டி5-க்குத் தள்ளினால், அடைபட்டுக் கிடந்த காய்கள் எல்லாம் ஒரேயடியாக உயிர் பெறும். இதற்கெல்லாம் விலையும் உண்டு. டி5 கட்டத்தில் கறுப்புக் குதிரை ஒன்று நிலையாக அமர்ந்துவிட்டால் அந்தச் சிப்பாய் அசையாது; குதிரைகளும் மந்திரிகளும் மாற மாற, தாக்குதல் தீர்ந்துபோய், இறுதி ஆட்டத்தில் அதைக் காப்பதே வெள்ளைக்கு வேலையாகிவிடும். எந்தக் காயை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற கணக்கை ஒரு பிள்ளைக்கு இதைவிட விரைவாகப் புரியவைக்கும் அமைப்பை நான் பார்த்ததில்லை.

வீடியோ பார்த்துவிட்டு, இதே இத்தாலியனில் கறுப்பு மந்திரிக்குப் பதில் குதிரையை எஃப்6-க்கு எடுத்ததும், தங்கள் குதிரையை ஜி5-க்குத் துள்ளவிட்டு எஃப்7-ஐத் தாக்கும் ஆட்டத்தில் மயங்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கறுப்பு டி5 தள்ளி, நீங்கள் வெட்டியபின், அது குதிரையால் திருப்பி வெட்டினால்தான் எஃப்7-இல் காயைப் பலியிடும் அந்த வேடிக்கை நடக்கும். சி6 குதிரையை ஏ5-க்கு எடுத்து உங்கள் மந்திரியைத் துரத்தத் தெரிந்தவனிடம் அது நடக்காது. ஒரு சிப்பாய்க்கு ஈடாகக் கறுப்பு விறுவிறுவென்று காய்களை வெளியேற்றிவிடும். மந்திரியை சி4-க்குப் பதில் பி5-க்கு எடுக்கும் ரூய் லோபஸ் அருமையான ஆட்டம்தான், ஆனால் அதன் பலன் இருபதாவது நகர்த்தலுக்கு மேல்தான் தெரியும் என்பதால் அதைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கலாம்.

எத்தனை நாள் இதையே ஆடுவது என்று கேட்பார்கள். இரண்டு தோல்விகளுக்குப் பிறகு ஓப்பனிங்கை மாற்றும் பழக்கம்தான் நம் பக்கத்தில் நான் காணும் பெரிய நோய். ஆட்டக் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தால், அந்தத் தோல்விகள் பெரும்பாலும் முப்பதாவது நகர்த்தலில் கவனிக்காமல் விட்ட ஒரு காயால் வந்தவை. இத்தாலியன் ஓப்பனிங் அதற்கு என்ன செய்யும்? காலமெல்லாம் பெரும்பாலும் இ4 ஆடிவந்த விஸ்வநாதன் ஆனந்த், 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கை எதிர்த்துப் பட்டத்தைக் காக்க வந்தபோது டி4-க்கு மாறி, 6.5–4.5 என்று வென்றார். அப்போது அவருக்கு வயது 38. நம் பிள்ளை ரேட்டிங் 1700-ஐத் தாண்டி, தனிச் சிப்பாய் ஆட்டங்களைத் தானே விளக்கிச் சொல்லும் நிலைக்கு வந்தபின் டி4-க்கு மாற விரும்பினால் தாராளமாக மாறலாம். டி4, டி5, சி4 என்று தொடங்கும் ராணி கேம்பிட்டில் கறுப்பு சி4 சிப்பாயை வெட்டி ஏற்றுக்கொண்டாலும், டி4-க்குக் கறுப்பு தரும் இன்னொரு விடையான நிம்சோ-இந்தியனில் வெள்ளை இ3 ஆடினாலும், பத்து நகர்த்தலுக்குள் பலமுறை அதே டி4 சிப்பாய்தான் தனியாக நிற்கும்.