பட்டினம் எங்கே?

(கடற்கரைச் சுற்றுலா புறப்படுவதற்கு முன், சென்னிமலையில் ஊரார் கூடிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே,

தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத் தறி ஓட்டத்தின் விலை எனக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாசி மாதம் நம் ஊரிலிருந்து இரண்டு பஸ்கள் கடற்கரைக்குப் புறப்படுகின்றன. பயணத் திட்டத்தை அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் பதினொரு இடங்கள். அவற்றில் எட்டைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். ஏற்பாடு செய்த தம்பிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் வைத்திருப்பவை பூம்புகார், தரங்கம்பாடி, வேதாரண்யம். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, நாற்பது பிள்ளைகளைப் பூம்புகாருக்கு அழைத்துப் போனேன். ஒரு சுற்றுலா நிறுவனத்தார் பஸ்ஸும் கொடுத்து, கூடவே ஒரு வழிகாட்டியையும் அனுப்பினார்கள். அவர் எங்களைக் கடற்கரையில் இறக்கிவிட்டு, "சிலப்பதிகாரத்தில் வருகிற ஊர் இதுதான். இருபது நிமிடம், பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பிள்ளைகள் மணலில் ஓடினார்கள், அலையில் நின்றார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "ஐயா, பட்டினம் எங்கே?"

என்னிடம் பதில் இல்லை. பாடப் புத்தகத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பத்து ஆண்டு நடத்தியவன் நான். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே நாளங்காடி என்ற பகல் சந்தை என்று கரும்பலகையில் படம் போட்டவன். அந்த மணலில் நின்றுகொண்டு எந்தத் திசையில் கை நீட்டுவது என்று தெரியவில்லை. "கடல் கொண்டுவிட்டது, அம்மணி" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதிலின் கூச்சம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு யாரும் துணை வராவிட்டாலும் கோபுரம் உங்களைக் கூப்பிட்டு நிறுத்தும். நம் தாராபுரம், அவிநாசிப் பக்கத்துக் கோயில்களில் கல்லும் தூணும் அப்படியே நிற்கின்றன. கடற்கரை ஊரின் நிலை வேறு. அங்கே நின்றதில் பெரும்பகுதியை அலை அரித்தது, புயல் சாய்த்தது, மணல் மூடியது. கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம், காதுக்குக் கிடைப்பது நிறைய. அந்த ஊரை அறிந்த ஒருவர் கூட நடந்து வந்து சொன்னால்தான் கடற்கரை ஊர் நமக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அடுத்த ஆண்டே தனியாகப் பூம்புகாருக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் கடலை நோக்கி விரலை நீட்டி, "என் பாட்டன் வலை காயப்போட்ட இடம் அதோ, அந்த அலை உடைகிறதே, அங்கே இருந்தது" என்றார். மூன்று தலைமுறைக்குள் கரை அவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்றால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு எவ்வளவு இருக்கும்? அன்றைக்குத்தான் "கடல் கொண்டது" என்ற சொல் எனக்குப் பொருளோடு விளங்கியது. பிறகு அவரே சொன்னார்: "கடலைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள் ஐயா. முதுகுப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மிச்சமெல்லாம் ஊருக்குள்தான் இருக்கிறது."

திரும்பினேன். கீழையூரில் தொல்லியல் துறையினர் 1960களில் அகழ்ந்து கண்ட செங்கல் மேடை இருக்கிறது. படகு அணையும் துறை அது. படகு கட்டிய மரத்தூண்களின் அடிப்பகுதிகளும் அங்கே கிடைத்தன. பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. இரண்டுக்கும் பஸ்ஸில் வருகிறவர்கள் போவதே இல்லை. எல்லாரும் ஏழுநிலை மாடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதுதான் சோழர் காலத்துக் கட்டடம் என்று நம்பித் திரும்புகிறார்கள். அந்தச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் தமிழக அரசு கட்டியது. அழகான கட்டடம்தான், கட்டாயம் பாருங்கள். கண்ணகியின் கதை முழுவதும் சுவரில் சிற்பமாக இருக்கிறது. ஆனால் எது கோவலன் காலத்துச் செங்கல், எது நம் அப்பா காலத்துச் சிமெண்ட் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் கூட வேண்டும்.

"நமக்கும் அந்தக் கரைக்கும் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். நம் அப்புச்சிமார் பலர் கடலைப் பார்க்காமலேயே வாழ்ந்து முடித்தவர்கள். ஆனால் ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் முளைப்பாரியை விட்டுக் கும்பிடுகிறோமே, அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற வாசல் பூம்புகார். அங்கே காவிரியைப் பார்த்தால் மனம் கலங்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தின் பெரும்பங்கைக் கொள்ளிடம் கொண்டுபோய்விடுகிறது. கொடுமுடியில் அகண்டு கிடக்கிற ஆறு கடலில் விழும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும்.

கொடுமணல் இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நொய்யலின் வடகரை. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தார்கள். கல்மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலை, தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் என்று வந்துகொண்டே இருந்தன. காங்கேயம் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல் அங்கே மணியாகியிருக்கிறது. பாதி துளையிட்ட மணிகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால், கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று தோன்றும். அந்த ஊரைப் பதிற்றுப்பத்து 67ஆம் பாட்டிலும் 74ஆம் பாட்டிலும் கொடுமணம் என்று சொல்கிறது. இரண்டு பாட்டிலும் அதோடு சேர்ந்து வருகிற ஊர் பந்தர், முத்துக்குப் பேர் போனது. கொடுமணத்து அணிகலனையும் கடல் தந்த முத்தையும் புலவர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள். நாம்தான் இரண்டையும் பிரித்துவிட்டோம்.

இந்த மணி மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரர் துறைமுகமான முசிறி, கிழக்கே போனால் கரூர் தாண்டிக் காவிரிக் கரையோடு புகார். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்ததற்குக் காரணம் இந்தப் பாதைதான். யவனர் நம் மண்ணுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். கண்ணகிக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தவர்களில் நம் கொங்கு நாட்டை ஆண்ட கொங்கிளங்கோசரும் சொல்லப்படுகிறார்கள். அப்படிச் செய்த பிறகு அவர்கள் நாட்டில் மழை தவறவில்லை என்கிறது அந்தப் பகுதி. கடற்கரையில் பிறந்த ஒரு பெண்ணிடம் மழை கேட்டு விழா எடுத்த மேட்டாங்காட்டு ஜனம் நாம்.

தரங்கம்பாடி வேறு கதை. கடலை ஒட்டி நிற்கிற மஞ்சள் கோட்டையைப் பார்த்ததும் வெள்ளைக்காரன் கோட்டை என்பார்கள். எந்த வெள்ளைக்காரன் என்று யாரும் கேட்பதில்லை. அது டேனிஷ்காரர்களின் டான்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நடுவே 225 ஆண்டுகள்.

கோட்டையை விடவும் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் ராஜ வீதியில் இருக்கிறது: 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அதைக் கட்டிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கியவர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அதற்காக அச்சு இயந்திரம் கடல் கடந்து வந்தது, பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறை வைத்தார்கள். இங்கே இருக்கிற அச்சகத்துத் தம்பிகளுக்குச் சொல்கிறேன், உங்கள் தொழிலின் பழைய வாசல்களில் ஒன்று அது. அந்த ஆலயத்துக்குள்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். 1719இல் இறந்தார், நாற்பது வயதுகூட நிறையவில்லை.

அதே ஊரில், கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 ஆழிப்பேரலையில் அந்த ஊர் எத்தனை உயிரைக் கொடுத்தது என்பதை ஊர்க்காரர் ஒருவர் வாயால் கேளுங்கள். அதையெல்லாம் படமெடுக்கிற இடமாக நினைக்காதீர்கள்.

வேதாரண்யத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் மிகச் சிறியதாகத்தான் வரும். கோயில் பெரியது; மறைக்கதவைத் திறக்க அப்பரும் அடைக்கச் சம்பந்தரும் பாடிய தலம். அகத்தியம்பள்ளியில் ஒரு நினைவுத்தூண், சுற்றிலும் உப்பளம். அவ்வளவுதான். வெள்ளைக்காரனின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள, அந்த உப்பளத்துக்கு 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து சுமார் நூறு பேர் நடக்கத் தொடங்கினார்கள். தலைமை இராஜாஜி. அவர் அப்போது நம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தவர். நடக்கும்போது தொண்டர்கள் பாடிய பாட்டை எழுதியவர் நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை. கொங்கு மண்ணின் சொல் அந்தக் கடற்கரைக்கு நடந்து போயிருக்கிறது!

தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைச் சிறையில் போடுவேன் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று எந்தப் போலீஸ்காரராலும் சொல்ல முடியவில்லை. ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளி இராஜாஜி சிறை சென்றார். வேதாரண்யத்து வேதரத்தினம் பிள்ளை தம் சொத்தை இழந்தார். வைரப்பன் என்ற நாவிதர், தாம் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்தார். மீதியைச் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். அகத்தியம்பள்ளித் தூணைப் பார்த்தால் மட்டும் இது உங்களுக்குத் தெரியாது. அந்தச் சாலையில் எந்த மரத்தில் பொட்டலம் தொங்கியது என்பதும் தெரியாது. சொல்ல ஆள் இருந்தால் மரமெல்லாம் வேறு மரமாகத் தெரியும்.

ஆகவே தம்பிகளே, வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள். டிக்கெட்டுக்கும் டிபனுக்கும் கணக்குப் போடுகிற நாம் இதற்கு மட்டும் கையை மூடிக்கொள்கிறோம். பஸ்ஸுக்கு ஒருவர் போதாது. ஐம்பது பேருக்குப் பின்னால் நிற்கிற அம்மாயிக்குக் கடற்காற்றில் ஒரு சொல்லும் கேட்காது. இருபது பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பிறகு பேரம் பேசாதீர்கள். நல்ல வழிகாட்டியை அறிய எனக்கு ஒரு வழி உண்டு. "இது கதை, இது கல்வெட்டு" என்று பிரித்துச் சொல்கிறவரை நம்பலாம். எதைக் காட்டினாலும் ஐயாயிரம் ஆண்டு என்கிறவரோடு நடப்பது வீண்.

வெயிலுக்கு முன் நடந்துவிடுங்கள். காலை ஆறு மணிக்கு இறங்கினால் ஒன்பதுக்குள் ஓர் ஊரை நிதானமாகப் பார்க்கலாம். மதியம் கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டுப் பெரியவர்கள் படுக்கட்டும். பூம்புகாரில் பிள்ளைகளை ஆழத்துக்கு விடாதீர்கள், அந்தக் கடல் இழுக்கும். மாசியைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் புயலுக்குப் பயந்துகொண்டே போயிருக்க வேண்டும். உப்பளத்திலும் இப்போது வேலை நடக்கும். பாத்தியில் நிற்கிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வரப்பு மிதிபட்டால் அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு போய்விடும். நம் வயலில் யாராவது செருப்போடு இறங்கினால் நாம் என்ன சொல்வோம்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். பஸ் வெள்ளி இரவுதான் புறப்படுகிறது. அதற்கு முந்தைய ஞாயிறு காலை ஆறரைக்கு எல்லாரும் கொடுமணலில் கூடுவோம். அங்கே வழிகாட்ட நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். காட்டுக்குள் நெடுங்கல்லும் கல்வட்டமும் இருக்கின்றன, முள்ளும் உண்டு. செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். மழை பெய்த மண்ணில் சிறு மணி ஏதாவது கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், எடுக்காதீர்கள். பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நொய்யல் அங்கிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகள் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ஆறு நாள் கழித்து, புகாரில் நின்று "பட்டினம் எங்கே?" என்று அவர்கள் கேட்கும்போது நானும் பக்கத்தில் இருப்பேன்.