பயிற்சிக்குச் சென்றவரிடம் கேட்கும் உரிமை

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பணியில் இருக்கும்போதே நமக்குத் தரப்படும் பணியிடைப் பயிற்சியைப் பற்றி நம் கூட்டங்களில் குறைவில்லாமல் பேசுகிறோம். பயிற்சிகள் அதிகம் என்கிறோம். பருவத்தின் நடுவில் வைக்கிறார்கள் என்கிறோம். பயிற்சி தரும் கருத்தாளர் கட்டகத்தை, அதாவது பயிற்சிக் கையேட்டை, பார்த்து வாசித்தார் என்கிறோம். இவற்றில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் நம்மில் ஒருவருக்கு நல்ல பயிற்சி வாய்ப்பு ஒன்று கிடைத்து, அதை அவர் வீணாக்கிவிட்டுத் திரும்பும்போது உடன் பணியாற்றும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆசிரியர் ஓய்வறையில் பேசுவோம். அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றிக்கொள்வோம். அந்தப் பேச்சை இங்கே, எல்லோர் முன்னிலையிலும் பேச வந்திருக்கிறேன்.

வாய்ப்பை வீணாக்குவது அவரவர் சொந்த நட்டம், அதில் மற்றவருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்ட விரும்புவது ஈராசிரியர் பள்ளியை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, ஒன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுத்தைப் போட்டுக் கொடுத்து, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கைச் சொல்லிவிட்டு, மதிய உணவையும் மேற்பார்வையிட்டு, இடையில் அலுவலகம் கேட்கும் விவரத்தையும் கைப்பேசியில் பதிவேற்ற வேண்டும். பயிற்சிக்குப் போனவர் அங்கே காலையில் கையெழுத்திட்டு, மாலையில் கையெழுத்திட்டு, இடைப்பட்ட நேரத்தைக் கைப்பேசியில் கழித்திருந்தால், அவர் செலவழித்தது பள்ளியில் நின்றவரின் உழைப்பை. ஆகவே அதைப் பற்றிக் கேட்கும் உரிமை முதன்மையாக அந்தச் சக ஆசிரியருக்கு உண்டு என்பதே என் கருத்து. தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலரும் அதற்குப் பிறகுதான்.

குழந்தைகளுக்கு நேரும் இழப்பு இதைவிடக் கொடியது. பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022-இல் நம் மாநிலத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் எளிய கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, ஒரே வகுப்பறையில் அவரவர் நிலைக்கு ஏற்ற செயல்பாட்டைக் கொடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, ஒரே பாடவேளையில் மூன்று குழுக்களையும் நடத்துவது பழகினால்தான் வரும். அந்தப் பழக்கத்துக்குத்தான் பயிற்சியே. அதைக் கவனியாமல் வந்தவரின் வகுப்பில் என்ன நடக்கிறது தெரியுமா? அரும்பு நிலையில் இருக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் முன்னால் மலர் நிலைப் பத்தி திறந்து கிடக்கும். அந்தக் குழந்தை அதைப் பார்த்து எழுதும். கொம்பும் சுழியும் பிசகாமல், அழகாக எழுதும். 'இது என்ன கண்ணு?' என்று ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் நம் முகத்தைப் பார்க்கும். அது எழுதவில்லை, எழுத்தை வரைந்துகொண்டிருக்கிறது. நோட்டில் சிவப்பு மையில் சரி என்ற குறியும் விழுந்திருக்கும்.

இனி, வீணாக்கியவர் என்று ஒருவரை முடிவுகட்டும் முன் நாம் பார்க்க வேண்டியவை உள்ளன. பெங்களூரில் 1963 முதல் இயங்கிவரும் தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனத்துக்கு நம் ஆசிரியர்களும் சென்று, அங்கேயே தங்கி 30 நாள் ஆங்கிலக் கற்பித்தல் பயிற்சி பெற்று வருகிறார்கள். கைக்குழந்தையையோ படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ விட்டுவிட்டு ஒரு மாதம் வெளியூரில் தங்குவது எல்லோருக்கும் ஒன்றுபோல் இயலாது; விருப்பம் கேட்காமல் பெயரை அனுப்பிவிட்டு, போனவர் மனம் வீட்டில் இருந்தது என்று பிறகு குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொரு வகையும் உண்டு. என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் இத்தகைய தங்கிப் பயிலும் பயிற்சிக்குச் சென்று வந்தார். கொண்டுவந்த கட்டகம் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடந்தது. சோம்பல் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். அந்த இடத்துக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போன இன்னோர் ஆசிரியை மட்டும் நேராக அவரிடம் சென்று, 'சார், அங்கே பார்த்ததில் ஒரே ஒரு பாடத்தை என் ஐந்தாம் வகுப்புக்கு நடத்திக் காட்டுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன்' என்றார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில், பிற மாநில ஆசிரியர்கள் நடுவில் ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, பயிற்சி முழுவதும் கடைசி வரிசையிலேயே இருந்துவிட்டார் என்பது. அந்த ஆசிரியை விடவில்லை. இருவரும் சேர்ந்து அந்த உறையைப் பிரித்தார்கள். மாலையில் பிள்ளைகள் போனபின் ஒரு பாடத்தைத் தமக்குள் நடத்திப் பார்த்து, மறுவாரம் வகுப்பில் நடத்தினார்கள். ஆசிரியை கோபப்படவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குக் கோபம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அதை ஒரு வேண்டுகோளாக மாற்றிக் கேட்டார் என்பதற்காகவே அவரை இங்கே நினைவுகூர்கிறேன்.

இது ஒரு தனி மனிதரின் நல்லியல்பைப் பொறுத்த செய்தி மட்டுமன்று. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவரும் 1980-களிலேயே வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு. கோட்பாட்டைக் கேட்பதாலும் மாதிரி வகுப்பைப் பார்ப்பதாலும் மட்டும் புதிய முறை வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை. தன் பள்ளியில், சக ஆசிரியரின் துணையோடு செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும்போதுதான் அது நிலைக்கிறது. இந்தியாவில் 2019-இல் தொடங்கப்பட்ட நிஷ்தா பயிற்சி சுமார் 42 லட்சம் ஆசிரியர்களை இலக்காகக் கொண்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்றாலும் நம் பயிற்சி நேரமும் குறைவானதன்று. எண்ணிக்கையும் மணிக்கணக்கும் இப்படி இருக்க, திரும்பி வருபவரை எதிர்பார்த்துப் பள்ளியில் யாரும் காத்திருப்பதில்லை. கேட்பாரில்லாத இடத்தில் கற்றவரும் மறக்கிறார், கல்லாதவரும் தப்பிக்கிறார்.

கூச்சமும் இல்லை, குடும்பச் சுமையும் இல்லை, அக்கறையே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரை என்ன செய்வது? இங்கே நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். மொட்டைக் கடிதம் போடாதீர்கள். பயிற்சிக் கூடத்தில் அவர் கண்ணயர்ந்ததைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவமானப்பட்டவர் அதன்பின் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை, உங்களோடு ஒரே பள்ளியில் இன்னும் பல ஆண்டுகள் இருக்கவும் போகிறார். திரும்பிய முதல் வாரத்தில் தனியாக ஒருமுறை கேளுங்கள். தட்டிக்கழித்தால், பள்ளி ஆசிரியர் கூட்டத்தில், தலைமையாசிரியர் முன்னிலையில், 'நீங்கள் சென்றிருந்தபோது உங்கள் வகுப்பையும் நான் பார்த்துக்கொண்டேன். கற்றதை எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று கேட்டு, அது கூட்டக் குறிப்பில் பதிவாகச் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், அடுத்த வாய்ப்பு வரும்போது அவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அவர் காதுபடவே சொல்லுங்கள். பணிமூப்பை மட்டும் பார்த்துப் பெயர் அனுப்பும் வழக்கத்தால், ஆர்வமுள்ள இளைய ஆசிரியர் எத்தனை முறை ஏமாந்திருக்கிறார் என்பதைத் தலைமையாசிரியர்கள் அறிவார்கள். மூத்தவருக்கு மரியாதை வேறு, பயிற்சிக்குத் தகுதி வேறு. முகத்துக்கு நேரே இதைச் சொல்வது கடினம். முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட அதில்தான் அவருக்கும் மரியாதை இருக்கிறது.

நடைமுறைக்கு உடனே வரக்கூடிய ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். அடுத்த பருவத்துக்கான பயிற்சிப் பட்டியல் வந்ததும், போகிறவரும் பள்ளியில் இருக்கப் போகிறவரும் பத்து நிமிடம் உட்காருங்கள். திரும்பி வந்து எந்த வகுப்பில், எந்தப் பாடத்தை, எந்த நாளில் நடத்திக் காட்டுவது என்பதைப் போவதற்கு முன்பே முடிவுசெய்து, பாடக்குறிப்பேட்டில் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்கித் தருமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.