வெண்டைக்காயும் காத்திருப்பு நாளும்

பெரியோர்களே, தாய்மார்களே, நண்பர்களே,

காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம் மிஞ்சியிருக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழி முதலில் உழவர் மீதே விழுகிறது. காசுக்காக நஞ்சைத் தெளித்து விற்கிறார்கள் என்று நகரத்தில் இருக்கும் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழியை ஒருபுறம் வைத்துவிட்டு, எச்சம் எப்படி உண்டாகிறது என்பதை வயலிலிருந்தே பார்ப்போம். பார்த்தால், நாம் கொடுக்கும் விலைக்கும் அதில் பங்கு இருப்பது விளங்கும்.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ப்புக்கு வந்துவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். தவறினால் காய் முற்றி நாராகிவிடும்; சந்தையில் அதை யாரும் தொடமாட்டார்கள். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, காய்ப்புழு எல்லாம் செடியைத் தாக்குவதும் இதே காய்ப்புக் காலத்தில்தான். மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் ஒவ்வொரு மருந்துக்கும் விதிக்கப்பட்டிருக்கிறது. அது மருந்துக்கு மருந்து மாறும். ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால், அந்த வாரத்தில் மூன்று பறிப்புக் காய்களை உழவர் பறித்துக் கீழே கொட்ட வேண்டும். பறிக்கும் கூலியையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து பறித்த காய்க்கும், நேற்று மாலை தெளித்து இன்று விடியற்காலையில் பறித்த காய்க்கும் மண்டியில் ஒரே விலைதான் கிடைக்கிறது. விதியைக் கடைப்பிடிப்பவருக்கு நட்டமும் மீறுபவருக்கு இலாபமும் தருகின்ற சந்தையை வைத்துக்கொண்டு, உழவரின் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருப்பது நியாயம் ஆகாது.

கத்தரியில் நிலைமை இன்னும் கடினம். தண்டையும் காயையும் துளைக்கும் புழு உள்ளே புகுந்துவிட்டால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. ஆகவே புழு புகுவதற்கு முன்பே, மீண்டும் மீண்டும் தெளிக்கிறார்கள். எந்த மருந்தை எவ்வளவு அடிப்பது என்று பல ஊர்களில் சொல்பவர் அதை விற்கும் மருந்துக் கடைக்காரரே. கடையில் நாம் ஓட்டை விழுந்த ஒரே ஒரு கத்தரிக்காயைக்கூட ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொறுக்குகிறோம். வயலில் அடிக்கப்படும் அடுத்த தெளிப்புக்கு அந்தப் பொறுக்கலும் ஒரு காரணம்.

நன்றாகக் கழுவினால் போதாதா என்று கேட்பீர்கள். கழுவத்தான் வேண்டும், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் தோலின் மேல் படிந்திருப்பதில் ஒரு பகுதி போகும். ஆனால் பூச்சிக்கொல்லிகளில் ஊடுருவிப் பாயும் வகை ஒன்று உண்டு. அது வேர் வழியாகவோ இலை வழியாகவோ உள்ளே சென்று, சாற்றோடு செடி முழுவதும் பரவும். அதனால்தான் சாறு உறிஞ்சும் பூச்சியை அது கொல்கிறது. சதைக்குள் சென்றதை உப்புநீரோ மஞ்சள்நீரோ வெளியே கொண்டுவராது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. காய்கறியில் ஒரு மருந்தின் எச்சத்துக்குத் தனி வரம்பு வகுக்கப்படாத இடத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது. குறை நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் நம் திராட்சை எச்சத்தால் மறுக்கப்பட்டபோது, ஏற்றுமதித் தோட்டங்கள் ஒவ்வொன்றையும் பதிவு செய்து, மாதிரி எடுத்து, எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தடம் பிடிக்கும் முறை உருவாக்கப்பட்டது. அயலார் உண்ணும் திராட்சைக்கு நம்மால் அதைச் செய்ய முடிந்தது. நம் குழந்தைகள் உண்ணும் வெண்டைக்கு இன்றுவரை அது இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

உடலுக்கு இதனால் என்ன ஆகும் என்பதைக் கூட்டிச் சொல்லாமல் சொல்ல வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் ஒரு நொதியைத் தடுக்கின்றன. பூச்சியைக் கொல்வதும் மனிதரைத் தாக்குவதும் அதே வழியில்தான். 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில், அவ்வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸ் கலந்த பள்ளி மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அது பெரும் அளவு. காய்கறி எச்சம் மிகச் சிறிய அளவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவது தவறு. எச்சத்துக்கு அஞ்சிக் காய்கறியைக் குறைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் சிறிய அளவு நாள்தோறும், பல மருந்துகளாகச் சேர்ந்து, வளரும் குழந்தையின் உடலுக்குள் போவதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. அதே வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ் என்ற மருந்துக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் நிறுத்தியதற்கு, குழந்தைகளின் நரம்பு வளர்ச்சி பற்றிய கவலையும் ஒரு காரணம்.

இயற்கை வேளாண் விளைபொருளை வாங்குவதால் இது மாறுமா? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 23 குழந்தைகளுக்கு, வழக்கமான உணவுக்கு மாற்றாக 5 நாள்கள் இயற்கை முறையில் விளைந்த உணவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகள் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் அவர்களுடைய சிறுநீரில் கண்டறிய முடியாத அளவுக்கு உடனே இறங்கின. பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் தோன்றின. நோய் குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உடலுக்குள் போவது குறையும் என்பதை ஐயமின்றிக் காட்டியது. 2014-ல் 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், எச்சம் தென்படும் வாய்ப்பு வழக்கமான விளைச்சலில் நான்கு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இயற்கை விளைச்சலில் எச்சம் அறவே இராது என்பதல்ல. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரலாம், பழைய மண்ணில் தங்கியிருக்கலாம்.

நம் தட்டைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் இல்லை. நமக்கு வருவது எச்சம். முழு மருந்தும் படுவது, முதுகில் கைத்தெளிப்பானைச் சுமந்து செல்பவர் மீது. 2017-ல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே பல ஆண்டுகள் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி தூவப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011-ல் அதைத் தடுத்த பிறகும் அந்தக் குடும்பங்களின் துயரம் தீரவில்லை. இயற்கை விளைபொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நம் உடல்நலத்துக்கான செலவு என்று எண்ணுவதைவிட, இந்த மனிதர்களை நஞ்சிலிருந்து விலக்குவதற்கான கூலி என்று எண்ணுவதே சரியென்று நான் கருதுகிறேன்.

விலை ஏன் கூடுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இயற்கை விளைபொருள் என்ற சான்று பெற விரும்பும் உழவர், இயற்கை முறைக்கு மாறும் மாறுகாலத்தை, ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டும் பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் கடக்க வேண்டும். விளைச்சல் பெரும்பாலும் குறைகின்ற, ஆனால் இயற்கை விளைபொருள் என்று விற்க இயலாத ஆண்டுகள் அவை. சான்றுக்குக் கோவையில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையும் இருக்கிறது. பொட்டலத்தில் ஜைவிக் பாரத் போன்ற, இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரையைப் பாருங்கள். நேரடியாக விற்கும் சிறு உழவருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அவரிடம் முத்திரை இராது, வயலைப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் இயற்கை அங்காடியில் வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. அப்படியானால் வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய், காலிஃபிளவர், கறிவேப்பிலை, கொத்தமல்லி, திராட்சை ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். தேங்காய், சேனை, பூசணி, வேலியோர முருங்கைக் கீரை ஆகியவற்றுக்கு அவ்வளவு கவலை வேண்டாம்.

இந்த அரங்கில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இது. தெருவுக்குச் சில குடும்பங்கள் சேர்ந்து, பக்கத்து ஊர் உழவர் ஒருவரிடம் ஒரு பருவம் முழுவதற்கும் விலை பேசி வாங்குங்கள். மாறுகாலத்தில் இருக்கும் உழவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குத்தான் வாங்குபவர் தேவை. பேசிய விலையை, பூச்சி விழுந்து பறிப்பு குறைந்த வாரத்திலும் கொடுங்கள். ஓட்டை விழுந்த கத்தரிக்காயையும் கூடையோடு எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறியுங்கள். அரசிடம், ஒவ்வொரு மாவட்டத்திலும் சந்தைக் காய்கறிகளை மாதந்தோறும் சோதித்து, எந்தச் சந்தையில் எந்தக் காயில் எந்த மருந்து இருந்தது என்பதைத் தமிழில் வெளியிடும்படி கேளுங்கள். அதற்கான மனுவை எழுதி எடுத்து வந்திருக்கிறேன்; கூட்டம் முடிந்ததும், படித்துப் பார்த்து இசைவிருந்தால் கையெழுத்திடுமாறு வேண்டுகிறேன்.